காதின் வயது

ஒரு தலைமுறை தன் காலத்துப் பாட்டை உயர்த்திப் பேசும்போது அது பாட்டைப் பற்றித்தான் பேசுகிறதா என்பது எனக்கு நெடுநாளாக உள்ள சந்தேகம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிப்புத்தூர் வட்டாரத்தில், செட்டியார்பட்டி போன்ற ஒரு சிறு ஊரில்கூட இந்தப் பேச்சு எழாத டீக்கடை கிடையாது. இளையராஜாவோடு இசை முடிந்துவிட்டது என்பார் ஐம்பதைத் தாண்டியவர். நாற்பதை ஒட்டியவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் ரஹ்மானோடு கதவைச் சாத்துவார். இருபது வயதுப் பையன் அனிருத்தின் பெயரைச் சொன்னால், அதுவரை சண்டை போட்ட இருவரும் ஒன்று சேர்ந்து சிரிப்பார்கள். ஐம்பதைத் தாண்டியவரின் தகப்பனார் அங்கே உட்கார்ந்திருந்தால், விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிந்த 1965-லேயே எல்லாம் போய்விட்டது என்று சொல்லியிருப்பார். அவருக்கும் மூத்தவர் ஒருவர் இருந்தால் பாகவதரிடம் போய் நின்றிருப்பார்.

இந்தச் சர்ச்சையில் திரும்பத் திரும்ப வந்து விழும் சொல் 'திறமை'. அந்தக் காலத்தில் திறமை இருந்தது, இப்போது இல்லை. அல்லது, இப்போதும் இருக்கிறது, உங்கள் காதுக்குத்தான் கேட்கவில்லை. இரண்டு தரப்பும் திறமை என்பதை ஒரு சரக்கைப்போல, எடைபோட்டுவிடக்கூடிய ஒன்றாகப் பாவிக்கின்றன. தராசு யார் கையில் இருக்கிறது, எதிர்த்தட்டில் வைத்த படிக்கல் என்ன என்பதை யாரும் கேட்பதில்லை. இது சினிமாப் பாட்டு சமாச்சாரம்தானே, இதில் விமர்சனத்துக்கு என்ன வேலை என்று நம்மில் சிலர் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் நம் சூழலில் பெரும்பாலானவர்கள் கலையைப் பற்றி ஒரு மதிப்பீட்டைச் சொல்வதும், அதற்காகச் சண்டை போடுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான். கவிதைக்காக யாரும் டீக்கடையில் குரல் உயர்த்துவதில்லை. மதிப்பீடு என்ற காரியம் நம் ஜனங்களிடையே எப்படி நடக்கிறது என்று பார்க்க வேறு இடமும் இல்லை.

முதலில் சரித்திரத்தைப் பார்த்துவிடலாம். ஒலிபெருக்கி வராத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைவரைக்கும் எட்டும்படி உச்ச ஸ்ருதியில் பாடிய செங்கோட்டை கிட்டப்பா 1933-ல், இருபத்தேழு வயதில் மறைந்தார். அந்தக் குரலைக் கேட்ட காது, அடுத்து வந்தவர்களை அதே தராசில்தான் நிறுத்தது. பாகவதரா சின்னப்பாவா என்று நாற்பதுகளில் ஊர் இரண்டுபட்டது. ஐம்பதுகளில் அரசாங்கமே தராசைக் கையில் எடுத்துக்கொண்டது. 1952-ல் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக வந்த கேஸ்கரின் காலத்தில் சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று ஆகாசவாணியிலிருந்து அகற்றப்பட்டது. ஜனங்கள் ரேடியோவை இலங்கைக்குத் திருப்பிக்கொண்டார்கள். அதே ஆகாசவாணி, ஆர்மோனியம் நம் சங்கீதத்துக்கு ஒவ்வாது என்று 1940-லேயே அதற்குத் தடை போட்டிருந்தது. தடை தளர முப்பத்தொரு வருஷம் ஆயிற்று. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது பறையும் பம்பையும் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. 1992-ல் 'ரோஜா' வந்தபோது யந்திரச் சத்தம் என்றார்கள். 2011 நவம்பரில் 'கொலவெறி' வந்தபோது சொன்னதை எழுத வேண்டியதில்லை. இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வெளியுலகிலும் இதே கதைதான். இன்று மேற்கே வயதானவர்கள் புதிய பாப் பாடகர்களைக் கண்டித்து எந்த ராக் இசையைச் செவ்வியல் என்று தூக்கிப்பிடிக்கிறார்களோ, அந்த ராக் அதன் காலத்தில் பெற்றோர்களால் கூச்சல் என்றுதான் சொல்லப்பட்டது. பாப் டிலன் 1965-ல் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் மின்சார கிடாரோடு மேடையேறியபோது கூட்டத்தில் ஒரு பகுதி கத்தி எதிர்த்தது. எதிர்த்தவர்களில் இளைஞர்களும் இருந்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது. 2016-ல் அதே டிலனுக்கு இலக்கியத்திற்கான நோபல் பரிசு போயிற்று. அப்போது எதிர்ப்பு எழுத்தாளர்கள் பக்கமிருந்து வந்தது.

இந்தப் பட்டியலை நீட்டிக்கொண்டே போய், "பார்த்தீர்களா, எல்லாத் தலைமுறையும் இதையேதான் சொல்லியிருக்கிறது, ஆகவே இதற்கு அர்த்தமில்லை" என்று முடித்துவிடுவது சுலபம். படித்தவர்கள் பலரும் அங்கேதான் போய் நிற்கிறார்கள். எனக்கு அது ஒரு சோம்பேறித்தனமான முடிவாகப் படுகிறது. ஒரு புகார் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதாலேயே அது பொய்யாகிவிடாது. எங்கள் பக்கத்துச் சம்சாரி ஒவ்வொரு வருஷமும் மழை முன்னைப்போல் இல்லை என்றுதான் சொல்வார். அவர் அப்படிச் சொல்வது வழக்கம் என்பதற்காகக் கண்மாயில் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா? சில வருஷங்களில் கண்மாய் நிஜமாகவே வறண்டு கிடக்கிறது. புகாரின் வயதைப் பார்த்துப் பயனில்லை. கண்மாயைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்கப் போகும்போது வழியில் இரண்டு தடைகள் நிற்கின்றன. ஒன்று, நாம் ஒப்பிடும் இரண்டு பொருள்களும் ஒரே நிலையில் இல்லை. முதியவர் தம் பக்கத்தில் வைப்பது புடைத்து, சலித்து, கல் பொறுக்கிய அரிசி. எதிர்ப்பக்கத்தில் வைப்பது களத்தில் இப்போதுதான் அடித்துக் குவித்த நெல், பதரோடும் தூசியோடும். நாற்பதுகளில் வந்த படங்களில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஒரே படத்தில் இருபது, முப்பதுகூட இருந்தன. அவற்றில் இன்று எத்தனை மிஞ்சியிருக்கின்றன? இளையராஜா இசையமைத்த படங்கள் ஆயிரத்தைத் தாண்டும். அவரை உயிராக நினைப்பவரைக் கேட்டால் நூறு, இருநூறு பாட்டுக்கு மேல் முனகத் தெரியாது. மீதியைக் காலம் தள்ளிவிட்டது. புதியதற்கு அந்தச் சல்லடை இன்னும் போடப்படவில்லை. வெள்ளிக்கிழமை வந்த பாட்டை நாற்பது வருஷம் சலித்ததோடு நிறுத்தினால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு ஞானம் தேவையில்லை.

இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. "அந்தப் பாட்டு நன்றாக இருந்தது" என்பதும், "அந்தப் பாட்டைக் கேட்டபோது நான் நன்றாக இருந்தேன்" என்பதும் இரண்டு வேறு வாக்கியங்கள். நம் நினைவு இரண்டையும் ஒன்றாகத்தான் சேமித்து வைக்கிறது. பதினைந்து வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடையில் மனசில் விழும் பாட்டு வெறும் பாட்டாக விழுவதில்லை. முதல் சம்பளம், கிட்டாமல் போன பெண், தறிச்சத்தத்துக்கு மேலே ஒலித்த டேப்ரிக்கார்டர், செத்துப்போன சிநேகிதன் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. பிற்பாடு அந்தப் பாட்டை யாராவது மட்டம் என்று சொன்னால், தன் வாழ்க்கையையே மட்டம் என்று சொன்னதுபோல் அவனுக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது ரசனையைப் பற்றியதல்ல. தன் வாழ்க்கைக்குச் சாட்சி வேண்டும் என்ற ஏக்கம் அது. மகனிடம் "இதைக் கேளு" என்று அப்பா சொல்லும்போது, என் இளமையை ஒத்துக்கொள் என்றுதான் கேட்கிறார். மகன் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றாமல் தலையை ஆட்டுகிறான். அவனுக்கும் இன்னும் முப்பது வருஷத்தில் ஒரு சாட்சி தேவைப்படப் போகிறது என்பது அவனுக்குத் தெரியாது.

பழமை என்று நாம் நம்புவதன் வயதையும் இங்கே கொஞ்சம் விசாரிக்க வேண்டும். மார்கழி விடியலில் ஸ்ரீவில்லிப்புத்தூரைச் சுற்றிய ஊர்களிலெல்லாம் குழாய் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கிறது. ஆண்டாள் பிறந்த மண். கேட்பவர்களுக்கு அந்த மெட்டு ஆண்டாளோடேயே பிறந்ததுபோல் இருக்கிறது. உண்மையில் இன்று நாம் கச்சேரிகளிலும் இசைத்தட்டுகளிலும் கேட்டுப் பழகிய அந்த ராக அமைப்பு அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் செய்தது. அவர் 1890-ல் பிறந்து 1967-ல் காலமானவர். எம்.எல். வசந்தகுமாரியின் குரல் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோயிற்று. அதற்கு முன்பும் பாசுரங்களுக்கு ஒரு ஒலிவடிவம் இருந்தது. கோயிலில் அரையர் சேவை இன்றும் இருக்கிறது. அது வேறு வகையான இசை, வேறு வகையான கேட்பு. ஆக, ஆயிரம் வருஷத்துப் பழமை என்று நாம் கண்மூடிக் கேட்பதில் பெரும்பங்கு, போன நூற்றாண்டில் ஒரு கலைஞன் துணிந்து செய்த புதுமை. அந்தப் புதுமை நின்றது. மரபின் பெயரால் அதற்குச் சலுகை கிடைத்து நின்றதாக நான் நினைக்கவில்லை. பாசுரத்தின் சொல்லை அவர் முதலில் காது கொடுத்துக் கேட்டிருந்தார். அதனால் நின்றது.

இனி, திறமை என்ற சொல்லுக்கு வரலாம். திறமை என்பது ஒரு நிபந்தனைக்குப் பதில். கிட்டப்பாவின் உச்ச ஸ்ருதி ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைக்குப் பதில். ஒலிபெருக்கி வந்ததும் அந்தத் தொண்டைக்கு அவசியம் குறைந்தது. நாடகக் காதுக்கு இது வீழ்ச்சிதான். ஆனால் அந்த மைக் இல்லாவிட்டால் ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீனிவாஸும் நமக்குக் கிடைத்திருக்க முடியாது. காதருகே வந்து பேசுவதுபோல் பாடும் அந்த மென்மை, கொட்டகையின் மூன்றாவது வரிசையைத் தாண்டியிருக்காது. ஒரு யந்திரம் ஒரு திறமையை அநாவசியமாக்கி, அதுவரை சாத்தியமில்லாதிருந்த இன்னொன்றைச் சாத்தியமாக்கிற்று. பாடகர்களும் அத்தனை வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் சேர்ந்து, யார் தவறினாலும் முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்ற நிலையில் பதிவு செய்த காலத்தில், தவறாமை ஒரு பெரிய திறமை. தனித்தனியாகப் பதிந்து ஒட்டும் காலத்தில் அந்தத் திறமைக்கு மதிப்பில்லை. ஒலிகளைத் தேர்ந்து, அடுக்கி, இடைவெளி விடும் திறமைக்கு மதிப்பு வந்தது. முன்னதை வைத்துப் பின்னதை அளப்பது, மாட்டுவண்டி ஓட்டியின் லாகவம் லாரி ஓட்டியிடம் இல்லை என்று வருத்தப்படுவது போல.

இப்படிச் சொல்வதால் எல்லா யந்திரமும் ஒன்றுதான் என்றாகாது. மைக் குரலில் இருந்ததைப் பெரிதாக்கியது, இல்லாததைச் சேர்க்கவில்லை. 1997-ல் வந்த ஸ்ருதி திருத்தும் மென்பொருள் வேறு காரியம் செய்கிறது. ஒரு மனிதக் குரல் ஒரு ஸ்வரத்தைத் தேடிப் போய், கொஞ்சம் தடுமாறி, பிடிக்கும் அந்தப் பயணத்தை அது அழித்துவிடக் கூடியது. அந்தப் பயணத்தில்தான் பாடுபவன் யார் என்பது இருக்கிறது. அதை அழித்த குரல் எல்லோருடைய குரலும் ஆகிறது. அதே கருவியை வேண்டுமென்றே முறுக்கி, குரலை ஒரு விசித்திர வாத்தியமாக்கி, அதிலிருந்து ஒரு தனிமை உணர்வைக் கொண்டுவந்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே கருவியைக் குற்றம் சொல்லியோ கொண்டாடியோ பிரயோஜனமில்லை. இந்தப் பாட்டில், இந்த இடத்தில், அது என்ன செய்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். விமர்சனம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தலைமுறைச் சண்டை ஆரம்பிப்பதே அந்த இடத்துக்குப் போகாமல் இருப்பதற்காக.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு பழைய அனுபவம் இருக்கிறது, சௌகரியமாக மறந்துவிட்டோம். 1959-ல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, அதில் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தபோது பண்டிதர்கள் சொன்னது என்ன? யாப்பு தெரியாதவர்களின் வேலை. வரியை மடக்கிப் போட்டால் கவிதையா. உழைப்பில்லை, பயிற்சியில்லை, திறமையில்லை. 1962-ல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு வந்த பிறகும் அது ஓயவில்லை. அன்று புதுக்கவிதைக்காக வாதாடியவர்கள், "அவரவர் ரசனை அவரவருக்கு" என்று சொல்லித் தப்பிக்கவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் புதுக்கவிதை அன்றே செத்திருக்கும். ஒரு கவிதையை எடுத்து வைத்துக்கொண்டு, சொல் சொல்லாக, இங்கே மௌனம் என்ன செய்கிறது, இந்த வரி ஏன் இங்கே முறிகிறது என்று காட்டினார்கள். யாப்பு இல்லாத இடத்தில் என்ன கட்டுப்பாடு இருக்கிறது என்று காட்டினார்கள். மோசமான புதுக்கவிதையை மோசம் என்றும் அவர்களேதான் சொன்னார்கள். இன்று அந்த மரபில் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் நாம், ராப் பாட்டைக் கேட்டவுடன், "இது பேச்சு, பாட்டல்ல" என்கிறோம். பண்டிதரின் நாற்காலியில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். நாற்காலிக்குச் சொந்தக்காரர் மாறினாலும் அதிலிருந்து வரும் வாக்கியம் மாறவில்லை.

பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவே உள்ள அந்த இடம் நமக்கு அந்நியமானதா? தெற்கத்தி வில்லுப்பாட்டில் புலவர் எந்த நிமிஷத்தில் பேச்சிலிருந்து பாட்டுக்குத் தாவுகிறார் என்று கோடு போட முடியாது. ஒப்பாரியில் அழுகை எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்குகிறது? அருணகிரிநாதரின் சந்தத்தில் நாக்குக்கு உள்ள வேலை சாமானியமா? 2006-ல் மலேசியத் தமிழர்களான யோகி பி, நட்சத்திரா குழுவினர் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் 1980-ல் வந்த 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாட்டை எடுத்து, அதன் மேல் தங்கள் சொற்களை அடுக்கினார்கள். கடல் கடந்த ஒரு தலைமுறை இளையராஜாவை எப்படிக் கேட்டது என்பதற்கு அது ஒரு பதிவு. 2021-ல் தீ, அறிவு இருவரும் பாடி வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யில் ஒப்பாரியின் குரல் வருகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமில்லாமல் திரும்பி வந்த ஒரு பாட்டியின் நினைவு அதன் அடியில் கிடக்கிறது. துள்ளலான தாளம், உள்ளே நிலம் பறிபோன துக்கம். இரண்டையும் ஒரே மூச்சில் வைத்திருப்பது திறமை இல்லையென்றால், எதற்கு அந்தச் சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம்? எல்லா ராப்பும் இப்படி இல்லை. பெரும்பாலானவை கார், பணம், தன் பெருமை. அதையும் பெயர் சொல்லி, பாட்டைச் சொல்லி, காரணம் காட்டிச் சொல்ல வேண்டும். மொத்தமாகத் தள்ளுகிறவனுக்கு அந்த உரிமை கிடையாது.

இளைஞர்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. பழைய பாட்டு இப்போது மலிவான மசாலாவாகிவிட்டது. கதாநாயகன் அடிக்கப் போகும் நேரத்தில் எண்பதுகளின் பாட்டு ஒன்று இருபது வினாடி ஒலிக்கிறது. கொட்டகை விசில் அடிக்கிறது. அந்த இருபது வினாடியில் பாட்டு எதையும் சொல்வதில்லை. அது தெரிந்த பாட்டு என்ற சந்தோஷம் மட்டும் நிகழ்கிறது. இதற்கு நேர் எதிரான உபயோகமும் உண்டு. 2024-ல் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளப் படத்தில், 1991-ல் வந்த 'குணா'வின் பாட்டு, அந்தப் படம் எடுக்கப்பட்ட கொடைக்கானல் குகையிலேயே திரும்ப வருகிறது. காதலுக்காக எழுதப்பட்ட சொற்கள் குழிக்குள் விழுந்த சிநேகிதனுக்காக ஒலிக்கின்றன. அந்தப் பாட்டுக்குள் அப்படி ஓர் இடம் இருந்ததை அதுவரை நாம் கேட்டிருக்கவில்லை. ஓர் இளைய கலைஞன் பழையதைக் கேட்டிருக்கிறான் என்பதற்கு அது அடையாளம். அந்தப் பாட்டுக்காக இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போயிற்று. பிறகு மற்றப் படங்களின் மீதும் வழக்குகள் வந்தன. சட்டம் பாட்டு யாருடையது என்று கேட்கிறது. அது கேட்க வேண்டிய கேள்விதான். உழைத்தவனுக்குக் கூலி சேர வேண்டும். ஆனால் நாம் கேட்க வேண்டியது வேறு: எடுத்தவன் கேட்டானா, அல்லது வெறுமனே எடுத்தானா? முதல் கேள்விக்குப் பணம் கட்டிவிட்டால் இரண்டாவது கேள்வி தீர்ந்துவிடாது.

கண்மாய்க்கு வருகிறேன். நிஜமாகவே வறண்ட இடம் ஒன்று இருக்கிறது. தலைமுறைச் சண்டையில் கிளம்பும் தூசி அதை மறைத்துவிடுகிறது.

காருகுறிச்சி அருணாசலம் 1921-ல் பிறந்து 1964-ல் மறைந்தவர். ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யர். கோவில்பட்டியில் வாழ்ந்தவர், எங்கள் கரிசல் பக்கத்து மனிதர். 1962-ல் 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு அவருடைய நாயனம் போட்டி போட்டுக்கொண்டு போகும் பாட்டைக் கேட்காத தமிழ்க் காது இல்லை. சினிமாவும் நாதஸ்வரமும் ஒன்றையொன்று தாழ்த்தாமல் சந்தித்த அபூர்வமான இடம் அது. அந்த வாத்தியம் இன்று எங்கே இருக்கிறது? எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்' நாவல் இந்தக் கரிசல் பூமியின் நாதஸ்வரக்காரர்கள் பட்ட அவமானத்தையும் அவர்கள் அலைச்சலையும் எழுதிற்று. 2018-ல் அதற்கு சாகித்ய அகாதெமி விருது கொடுத்தார்கள். விருது வந்த பிறகும் கல்யாண வீடுகளில் நாயனம் திரும்பவில்லை. தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் ஒரு பதிவு ஒலிக்கிறது. கோயில் கொடையிலும் கல்யாண ஊர்வலத்திலும் கேரளத்துச் செண்டை வந்துவிட்டது. தொண்ணூறுகளில் மின்னணு வாத்தியங்கள் வந்த பிறகு கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் எத்தனையோ வயலின்காரர்கள் வேலை இழந்தார்கள். அவர்களிடம் திறமை குறைந்து போகவில்லை. கூப்பிடுவதற்கு ஆளில்லாமல் போயிற்று.

யார் கூப்பிடாமல் விட்டது? இந்தக் கேள்வியைத்தான் 'அந்தக் காலத்துத் திறமை' என்ற புலம்பல் எழவிடாமல் பார்த்துக்கொள்கிறது. கல்யாணச் செலவை இருபது வயதுப் பையன் தீர்மானிப்பதில்லை. ஐம்பதைத் தாண்டியவர்தான் தீர்மானிக்கிறார். நாதஸ்வரக் கோஷ்டிக்குக் கொடுக்கப் பணமில்லை என்று சொல்லிவிட்டு, அதைவிட அதிகமாக மேடை விளக்குக்கும் குறுக்கே பறக்கும் காமிராவுக்கும் கொடுத்தவர் அவர். தன் மகன் வாத்தியம் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டபோது, சோறு போடுமா என்று கேட்டவரும் அவர்தான். நாயனக்காரரை வீட்டுத் திண்ணைக்குக் கீழே நிறுத்தி வைத்த சாதி வழக்கத்தைக் கூச்சமில்லாமல் அனுசரித்தவர்களும் அவருடைய தலைமுறையும் அதற்கு முந்தியதும்தான். அந்த நாயனக்காரரின் மகன் அந்தத் தொழிலை விட்டுவிட்டு ராஜபாளையத்து மில்லுக்குப் போனால், அல்லது கையடக்க போனில் தாளம் போட்டு ராப் பாடினால், அதைத் திறமையின் வீழ்ச்சி என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? திறமை ரத்தத்தில் வருவதில்லை. யாரோ சோறு போட்டு, உட்கார வைத்து, கேட்டதால் வந்தது. பெரும்பாலும் கேட்பு நின்ற இடத்தில்தான் திறமையும் நிற்கிறது.

ஆகவே இந்தச் சர்ச்சையில் எடை போடப்பட வேண்டியது பாடுபவனின் திறமை மட்டுமல்ல. கேட்பவனின் திறமையும் அதில் இருக்கிறது. இதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கேட்பது ஒரு உழைப்பு. முதியவர் தன் பாட்டை ஆயிரம் முறை கேட்டிருக்கிறார், புதியதை ஒரு முறை, அதுவும் பஸ்ஸில் எரிச்சலோடு கேட்டிருக்கிறார். இளைஞன் தன் பாட்டை ஆயிரம் முறை கேட்டிருக்கிறான், பழையதை இருபது வினாடித் துண்டாகக் கேட்டிருக்கிறான். இந்த நிலையில் இருவர் சொல்வதும் தீர்ப்பாகாது. இருவரும் பேசாமலிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவரவர் ரசனை என்ற சமாதானம் எனக்கு இந்தச் சண்டையைவிட ஆபத்தானதாகத் தெரிகிறது. எது நல்லது என்று கேட்பதை நிறுத்திய சமூகத்தில், எது எத்தனை கோடிப் பேரால் பார்க்கப்பட்டது என்ற எண்ணிக்கை மட்டும் மிஞ்சும். முந்நூறு பிரதி அச்சடிக்கிற பத்திரிகைக்காரர்களுக்கு அந்த எண்ணிக்கையின் லட்சணத்தை விளக்க வேண்டியதில்லை.

மூத்தவரின் கடமை என்று ஒன்று இருக்கிறது என்றால், அது தீர்ப்பு வழங்குவதல்ல, காரணம் சொல்வது. "இளையராஜா போல வராது" என்பது காரணமல்ல. இந்தப் பாட்டில் பல்லவி முடிந்து சரணம் வருவதற்குள் வயலின்கள் எங்கே போய்விட்டுத் திரும்புகின்றன, கீழே பேஸ் கிடார் தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு போவதைக் கேள் என்று காட்டினால் அது காரணம். அப்படிக் காட்டும்போது ஒரு காது இன்னொரு காதுக்குக் கைமாறுகிறது. மரபு என்று நாம் கௌரவமாகச் சொல்வது இந்தக் கைமாற்றத்தைத் தவிர வேறென்ன? இப்படிக் காட்டத் தெரியாதவர் தன் பாட்டைத் தானும் சரியாகக் கேட்டதில்லை என்பதைத்தான் ஒத்துக்கொள்கிறார். இளைஞனின் கடமையும் அதேதான். அனிருத்தின் ஒரு பாட்டில் தனக்குப் பிடித்தது தாளமா, அது நிற்கும் இடமா, குரலில் உள்ள அலட்சியமா என்று சொல்லத் தெரிய வேண்டும். அந்தத் திறமை கதாநாயகனின் நடையைப் பெரிதாக்குவதிலேயே செலவாகிறதே என்று அவனுக்குத் தோன்றினால் அதையும் சொல்ல வேண்டும். நம் முந்தைய நட்சத்திரங்களுக்கும் பாட்டு அப்படித்தான் செலவாயிற்று என்று அவன் திருப்பிக் கேட்டால், பெரியவரிடம் அதற்குப் பதில் இருக்க வேண்டும்.

இளையராஜா 2025 மார்ச் 8-ஆம் தேதி, எண்பத்தொரு வயதில், லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். நம் ஊரில் அதைப் பெருமை என்று சொல்லாதவர் இல்லை. பெருமைப்பட்டவர்களில் அந்த மாதிரியான இசையை நாற்பது நிமிஷம் உட்கார்ந்து கேட்கப் பழகியவர்கள் எத்தனை பேர்? அவர் அந்த வயதில் தனக்குப் பழகிப்போன ரசிகனின் காதை விட்டு விலகி வேறு எங்கோ போயிருக்கிறார். அவரை வைத்துப் புதியவர்களை அடிக்கும் அவருடைய தலைமுறை ரசிகன், 1980-களிலேயே தங்கிவிட்டான். தன் ஆதர்சத்தைவிட அவனுக்கு வயது கூடிவிட்டது.

காதுக்கு வயதாவதை யாராலும் தடுக்க முடியாது. உச்ச ஒலிகள் மெல்ல மெல்லக் கேட்காமல் போகும். அது உடம்பின் விதி. கேட்பதை நிறுத்தியது நாம்தான் என்கிறபோது, அதையும் வயதின் தலையில் போடுவதுதான் அநியாயம். அந்த அநியாயத்தை ஐம்பதிலும் செய்யலாம், இருபதிலும் செய்யலாம். இரண்டு பேரும் செய்துகொண்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு வாத்தியம் பேச்சு மூச்சில்லாமல் உறைக்குள் போய்க்கொண்டிருக்கிறது.